நிறுத்த கூடை, நிறுக்காத பை

(நானுஓயாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தென்னமெரிக்காவில், அர்ஜென்டினாவுக்கும் சிலிக்கும் எல்லையில், ஆண்டிஸ் மலைத்தொடரில் லுல்லையாக்கோ என்றொரு எரிமலை இருக்கிறது. அதன் உயரம் 6,739 மீட்டர். நம் இலங்கையின் பீதுருதலாகலை மலை 2,524 மீட்டர்தான். 1999ஆம் ஆண்டு யோஹான் ரைன்ஹார்ட், கான்ஸ்டன்சா செருத்தி என்ற இரு ஆய்வாளர்களின் குழு அந்த உச்சியில் தோண்டியபோது மூன்று பிள்ளைகளின் உடல்கள் கிடைத்தன. ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் இன்கா அரசு மலைத் தெய்வத்துக்குப் பலியாகக் கொடுத்த பிள்ளைகள். குளிரில் உடல் கெடவில்லை. தூங்குகிறவர்களைப் போல இருந்தார்கள். அவர்களோடு தங்கத்திலும் வெள்ளியிலும் சிப்பியிலும் செய்த சிறு உருவங்கள், செருப்பு, சாப்பாடு எல்லாம் வைத்திருந்தார்கள். வெள்ளை இறகு பதித்த ஒரு பையும் இருந்தது. அதற்குள் கொக்கா இலை. மூவரில் மூத்த பெண்ணின் பற்களுக்கு நடுவிலும் கொக்கா இலை அப்படியே இருந்தது.

அந்தப் பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. அவர்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேசலாம். இன்று நான் பேச வந்தது அந்தப் பையைப் பற்றி. சாகப்போகிற பிள்ளைக்கு எதைக் கொடுத்தனுப்புவது என்று அந்த மக்கள் யோசித்தபோது, தங்கத்தோடு ஒரு பையையும் கொடுத்தனுப்பினார்கள். இலை இல்லாமல், இலையைப் போட்டுக்கொள்ள ஒரு பை இல்லாமல், யாரும் மலையேறிப் போகக் கூடாது என்பது அவர்கள் எண்ணமாக இருந்திருக்க வேண்டும். மலையில் வாழ்ந்து, தேயிலையை நம்பிப் பிழைத்து, முதுகில் பாரம் சுமக்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக விளக்கம் தேவையில்லை.

கெச்சுவா மொழியில் அந்தப் பைக்குச் சுஸ்பா என்று பெயர். பெருவிலும் பொலிவியாவிலும் மலைக்கிராமங்களில் இன்றும் நெய்கிறார்கள். இரண்டு உள்ளங்கையை விரித்துச் சேர்த்து வைத்த அளவு இருக்கும். தோளுக்குக் குறுக்கே மாட்டினால் இடுப்புப் பக்கம் வந்து தொங்கும். அல்பாக்கா, லாமா, செம்மறி ஆகியவற்றின் மயிரைப் பெண்கள் நடந்துகொண்டே தக்ளியில் நூற்பார்கள். ஆடு மேய்க்கப் போனாலும் சந்தைக்குப் போனாலும் தக்ளி சுழன்றபடி இருக்கும். நெய்கிறபோது பாவின் ஒரு முனையை மரத்திலோ முளையிலோ கட்டி, மறுமுனையைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்துப் பாவை விறைப்பாக இழுத்துப் பிடிப்பார்கள். நெய்கிறவளின் முதுகும் தறியில் ஒரு பாகம்.

அந்தத் துணியை வெட்டுவதில்லை என்பதை நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நாம் துணியை முழமாக வாங்கி, வெட்டி, தைத்துப் பையாக்குகிறோம். அவர்கள் பைக்கு எவ்வளவு நீள அகலம் வேண்டுமோ அவ்வளவே நெய்கிறார்கள். நான்கு பக்கமும் கரையோடு தறியிலிருந்து இறங்குகிற அந்தத் துண்டை நடுவில் மடித்து, இரண்டு ஓரத்தையும் தைத்து, தையலுக்கு மேல் ஒரு குறுகிய கரையை நெய்துகொண்டே மூடிவிடுவார்கள். கத்தரி எங்கும் படாது. அவர்களுக்கு நெய்த துணி உயிருள்ள ஒன்றைப் போல. தறியில் பிறந்த உருவிலேயே அது பையாகிறது.

டிட்டிகாக்கா ஏரியில் தாக்கிலே என்றொரு தீவு உண்டு. அந்தத் தீவாரின் நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005இல் மனித குலத்தின் மரபுச் செல்வம் என அறிவித்தது. அங்கே ஆண்கள் தொப்பி பின்னுவார்கள், பெண்கள் இடுப்புக் கச்சையும் பையும் நெய்வார்கள். வழியில் இரண்டு ஆண்கள் சந்தித்தால் கை குலுக்குவதில்லை. ஆளுக்கொரு பிடி கொக்கா இலையை எடுத்து மற்றவர் பையில் போடுவார்கள். பிறகு தன் பையிலிருந்து பழுதில்லாத மூன்று இலையைப் பொறுக்கி விசிறிபோல அடுக்கி, சுற்றியிருக்கும் மலைகளின் பெயரைச் சொல்லி, அவற்றின் பக்கமாக ஊதி, அதன் பிறகே வாயில் போடுகிற வழக்கம் ஆண்டிஸ் முழுவதும் இருக்கிறது. இலையோடு சேர்த்துக் கடிக்க, சாம்பலோ சுண்ணாம்போ சேர்த்துப் பிடித்த ஒரு சிறு கட்டியும் பையிலிருக்கும். அந்தக் காரம் சேர்ந்தால்தான் இலையின் சாறு இறங்கும். பசி தெரியாது, குளிர் தெரியாது, ஏற்றத்தில் மூச்சு வாங்குவது குறையும்.

இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாமார் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. இலை, அதோடு சுண்ணாம்பு, அதைப் போட்டு வைக்கிற பை, கண்டவுடன் எடுத்து நீட்டுகிற பழக்கம், வயிற்றுப் பசியை வாயில் அடக்குகிற வித்தை. இத்தனையும் உங்கள் மடியில் இருக்கிறது.

அந்த மக்களிடம் இன்னொரு வகைப் பையும் உண்டு. லாமாவின் முதுகில் உப்பும் சோளமும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு போகிற பெரிய சாக்கு. அதையும் கையால்தான் நெய்கிறார்கள். கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று மயிரின் சொந்த நிறத்திலேயே நீளக் கோடுகள் ஓடும். ஒரு லாமா 25, 30 கிலோவுக்கு மேல் சுமக்காது. கூடுதலாக ஏற்றினால் படுத்துவிடும் என்பார்கள். இந்தச் சாக்கும் சுஸ்பாவும் கைத்தறியில் பிறந்தவைதான். ஒன்று பாரத்துக்கு, மற்றது ஆளுக்கு. ஸ்பானியர்கள் வந்து, 1545இல் பொட்டோசியில் வெள்ளிச் சுரங்கம் திறந்த பிறகு பாரத்தைத்தான் பார்த்தார்கள். எத்தனை மூட்டை தாது, எத்தனை கூடை கொக்கா என்று கணக்குப் போட்டார்கள். கொக்காவைப் பேய் இலை என்று பாதிரிமார் முதலில் திட்டினார்கள். அது இல்லாமல் சுரங்கத்தில் ஆள் இறங்காது என்று தெரிந்ததும் அதையே விற்று வரியும் வாங்கினார்கள். 1961ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, கொக்கா மெல்லும் பழக்கத்தை 25 ஆண்டுக்குள் ஒழிக்க வேண்டும் என்றது. பொலிவியா 2009இல் தன் அரசியலமைப்பிலேயே கொக்காவை மரபுரிமை என்று எழுதிவைத்து, அந்த உடன்படிக்கையிலிருந்து விலகி, இலை மெல்லும் உரிமையை ஒதுக்கி வைத்துக்கொண்டு 2013இல் திரும்பச் சேர்ந்தது. ஒரு சிறிய பைக்குள் இருக்கிற இலைக்காக ஒரு நாடு உலகத்தோடு வழக்காடியது.

இனி நம் மலைக்கு வருவோம்.

கண்டி இராச்சியத்துத் தலைவர்களிடம் வேலைப்பாடு மிக்க வெற்றிலைப் பைகள் இருந்தன. சிங்களத்தில் புலத் பய்யா என்பார்கள். நீலத்திலோ வெள்ளையிலோ துணி. அதன் மேல் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாக நூல் வேலை. நடுவில் விரிந்த பூ, சுற்றிலும் கொடி. பெரிய பைகளை ஏவலாள் தோளில் போட்டுக்கொண்டு தலைவருக்குப் பின்னால் நடப்பான். இந்தப் பைகளை அக்கறையோடு பார்த்து எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனியவள ஆய்வுப் பணிப்பாளராக இருந்து, கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் திரிந்த காலத்தில், கிராமத்துக் கைவேலைகளையும் தேடிக் குறித்துக்கொண்டார். ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற அவருடைய ஆங்கில நூல் 1908இல் வெளிவந்தது. வில்லியம் மொரிஸின் அச்சுப் பொறியில் கையால் அச்சடித்த நூல். அவருடைய மனைவி எத்தெல் அந்தத் தையல் வேலைகளைச் சேகரித்தார். அந்த இருவருக்கும் இந்த நாடு கடமைப்பட்டிருக்கிறது. அன்றைய பைகளை இன்றும் நூதனசாலைகளில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம்.

குமாரசுவாமி திரிந்த அதே மலைகளில் அப்போது நம் ஆட்கள் இருந்தார்கள். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று தனியே எழுதியபோது தொகை 5 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர்களில் பல பெண்களின் இடுப்பிலும் ஒரு வெற்றிலைப் பை இருந்தது. குமாரசுவாமி எழுதியது வேறு பொருள், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குப் பிறகு இந்த நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்தில், நம் பையைப் பற்றி யார் எழுதினோம்? தோட்டத்துக் காகிதங்களைத் திறந்தால் கூடைக் கணக்கு இருக்கும். எத்தனை இறாத்தல், எத்தனை கிலோ, யாருக்கு முழுப் பேர் (முழு நாள் கூலி), யாருக்கு அரைப் பேர் என்று நாள் தவறாமல் இருக்கும். நம் வரலாற்றை எழுத வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கிலிருந்தே எழுதுகிறார்கள், நம் ஆட்களும் சேர்த்து. நிறுத்ததை மட்டும் எழுதினால் வருகிற வரலாறு தோட்டத் துரையின் வரலாறு. அதில் நாம் கிலோவாக வருவோம். இன்றைக்கு உங்களிடம் சொல்ல நான் வந்த விஷயம் இதுதான். நிறுக்காத பையையும் திறந்து பார்த்து எழுத வேண்டும்.

என் அம்மாயியின் சுருக்குப் பையைச் சொல்கிறேன். ரவிக்கைக்கு வெட்டி மிஞ்சிய இரண்டு துண்டு, ஒன்று நீலம், மற்றது பூப்போட்ட மஞ்சள். அடி வட்டமாக வரும்படி சேர்த்து, கைத்தையலாக நெருக்கமாகப் போட்டிருப்பார். வாயில் இரண்டு பக்கமும் கயிறு கோத்து எதிரும் புதிருமாக இழுத்தால் மூடிக்கொள்ளும். கயிற்று நுனியில் துணிச் சும்மாடு போல ஒரு சிறு குஞ்சம். பைக்குள் இன்னொரு பை தைத்திருப்பார், அது காசுக்கு. வெளிப் பையில் வெற்றிலை, பாதியாகப் பிளந்த பாக்கு, புகையிலைத் துண்டு, மூடி தேய்ந்த சுண்ணாம்பு டப்பி. வெற்றிலை வாடாமல் இருக்க ஈரத் துணியில் சுற்றியிருப்பார். அதற்கும் அடியில் தகரப் பெட்டியின் சாவி, தைலப் புட்டி, நாலாக மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன ஒரு சம்பளத் துண்டு, கதிர்காமத்திலிருந்து கொண்டுவந்த திருநீற்றுப் பொட்டணம். பையின் வாய் முழுவதும் கறுத்திருக்கும். வெற்றிலைக் கறை என்று நினைப்போம். கிட்டே வைத்துப் பார்த்தால் அது தேயிலைக் கொழுந்துக் கறை. கொழுந்து எடுக்கிற விரல் நாளுக்குப் பல தடவை அந்த வாயைத் திறந்து மூடிய தடம்.

அந்தப் பையில் எங்கள் தாத்தாவும் கைவைக்க மாட்டார். கேட்டு வாங்குவார். தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு என்று பூட்டு இருந்த இடம் எது? லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். சம்பளத்தைப் பல காலம் ஆம்பிளைகள்தான் போய் வாங்கினார்கள். கைக்காசுக் கொழுந்து எடுத்த காசு, சீட்டுக் காசு, மகள் பெரிய மனுஷியானால் வேண்டும் என்று சேர்த்த காசு எல்லாம் இந்த உள் பைக்குள்தான் கிடந்தன. எத்தனையோ பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்து அதற்குள்ளிருந்து வந்திருக்கிறது.

வெற்றிலை வாயோடு நிற்கிற சாமானும் அல்ல. கங்காணி ஊரில் ஆள் சேர்க்கப் போனபோது வெற்றிலையில் வைத்துத்தான் முன்பணம் கொடுத்தான். பெண் கேட்டுப் போனால் வெற்றிலை பாக்கு மாற்றினால்தான் பேச்சு முடிந்ததாகக் கணக்கு. மாசி மாதம் காமன் கூத்துக்கு ஆட்டக்காரரையும் தப்புக்காரரையும் வெற்றிலை வைத்துத்தான் அழைப்பார்கள். லயத்தில் இரண்டு வீட்டார் சண்டை பிடித்துப் பல நாள் பேசாமல் இருந்து, ஒருநாள் நிரையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கொழுந்தெடுக்கும்போது ஒருத்தி பையைத் திறந்து வெற்றிலையை நீட்டுவாள். மற்றவள் வாங்கிக்கொண்டால் சண்டை முடிந்தது. தாக்கிலே தீவில் இரண்டு ஆண்கள் பாதையில் நின்று செய்வதை இங்கே தேயிலை நிரையில் நம் பெண்கள் செய்துவந்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் பாவி. பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். பாக்கு மட்டுமே போதும் புற்றுநோய்க்கு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் முடிவு சொல்லிவிட்டது. நம் தோட்டங்களில் எத்தனை அம்மாமாரின் வாயை அது தின்றது என்பது இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். பையைப் போற்றுகிறேன், பாக்கைப் போற்றவில்லை. பிள்ளைகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இப்போது கூடை. கூடையை நான் தாழ்த்திப் பேச மாட்டேன், அதுவும் ஓர் அருமையான கைவேலை. மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து, உள்தோலைச் சீவி, அடியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, சுவரை எழுப்பி, வாய்க்கு வளையம் வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். நல்ல கூடையின் சுவரில் காற்று நுழைய இடம் இருக்கும். அழகுக்காகப் பின்னியதல்ல அந்த இடைவெளி. பறித்த கொழுந்து மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். அழுத்தி அடைத்தால் சூடேறி, கசங்கி, தொழிற்சாலைக்குப் போகுமுன்பே சிவந்துவிடும். அப்படிச் சிவந்த கொழுந்தில் நல்ல தேத்தண்ணீர் வராது. நுவரெலியாத் தேயிலையின் மெல்லிய மணத்தை உலகம் மெச்சுகிறதே, அதில் குளிருக்கும் உயரத்துக்கும் பங்கு உண்டு, கூடை முடைந்தவரின் கைக்கும் கொழுந்தை அமுக்காமல் போட்ட பெண்ணின் கைக்கும் பங்கு உண்டு.

கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டுவார்கள். உச்சந்தலையில் துணியை மடித்து வைத்து அதன் மேல் கயிறு. கை இரண்டும் கொழுந்துக்கு வேண்டும் என்பதால் பாரம் தலைக்குப் போனது. டார்ஜிலிங்கிலும் இப்படித்தான், நேபாள மலைகளில் சுமைக்காரர்கள் கூடையைச் சுமப்பதும் இப்படித்தான். கொலம்பியாவில் ஆண்டிஸ் தொடரை விட்டுத் தனியாக நிற்கும் சியரா நெவாடா மலையில் அர்வாக்கோ இனப் பெண்கள் கையால் பின்னிய பையின் வாரை நெற்றியில் மாட்டிக் குழந்தையைச் சுமக்கிறார்கள். அந்தப் பெண்களும் நம் பெண்களும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. செங்குத்தான மலை இருவருக்கும் ஒரே முறையைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நம் பக்கத்தில் வித்தியாசம் என்னவென்றால், ஒவ்வொரு நாளும் சுமை நிறுக்கப்பட்டது. நாளுக்கு மூன்று தடவை தராசு. ஈரத்துக்கு ஒரு கழிவு, கூடைக்கு ஒரு கழிவு. கழித்த பிறகு எத்தனை கிலோ நின்றதோ அத்தனைதான் அவள் உழைத்தது. 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபோது, பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவும் கூடியது. வயதான அம்மாமாரின் உச்சந்தலையில் தலைக்கயிறு அழுந்துகிற இடத்தில் முடி தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானம் எந்தச் செக்ரோல் பதிவேட்டிலும் ஏறவில்லை.

மூட்டையின் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1823 வாக்கில் கோப்பித் தோட்டத்துக்கு வரத் தொடங்கிய முதல் ஆட்கள், தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். துணியை முடிந்து தோளில் போட்ட மூட்டைதான் அவர்கள் கொண்டுவந்த வீடு. பலர் வழியிலேயே விழுந்தார்கள். பிறகு 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. 1885இல் இந்த நானுஓயாவுக்கு ரயில் வந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. வருகிறவர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, சோதித்து, அம்மைப்பால் குத்தி, தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லையோடு அனுப்பினார்கள். வந்தவுடன் ஒரு கறுப்புக் கம்பளி கொடுப்பார்கள். இலவசம் என்று நினைக்காதீர்கள், அது பற்றில் ஏறும். கடனைக் கட்டாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி துண்டு முறை இருந்தது, 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அந்தக் காகிதத் துண்டையும் பெண்கள் எங்கே வைத்துப் பாதுகாத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அரிசி வந்த சணல் சாக்கை யாரும் எறியவில்லை. பிரித்து இடுப்பில் சுற்றினால் படங்கு. தேயிலைக் குச்சி தொடையைக் கிழிக்காது, பனி ஈரம் உள்ளே இறங்காது. தரையில் விரித்தால் படுக்கை, வாசலில் தொங்கவிட்டால் கதவு. கோதுமை மா வந்த வெள்ளைத் துணிப் பையை வெந்நீரில் போட்டு எழுத்தைப் போக்கி உள்பாவாடை தைத்தார்கள். எழுத்து முழுதாகப் போகாது. எங்கோ ஒரு நாட்டு ஆலையின் முத்திரை மங்கலாகத் தெரியும். ஆண்டிஸ் பெண் தன் துணியை வெட்டாமல் காத்தாள் என்றேன். நம் பெண்ணுக்கு முழுத் துணி கிடைக்கவில்லை. வெட்டிய துணியும் மிஞ்சிய துணியும் பிறர் எறிந்த சாக்குமே அவளுக்குக் கிடைத்தன. அவற்றைச் சேர்த்துத் தனக்கென்று ஒன்றைத் தைத்துக்கொண்டாள். சுஸ்பாவுக்குப் பக்கத்தில் அம்மாயியின் பையை வைக்க எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை.

பழைய சேலையும் அப்படித்தான். விட்டத்தில் கட்டினால் தொட்டில். ஆண்டிஸ் தாய் நெய்த துணியில் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறாள். நம் தாய் முதுகில் கூடை இருந்ததால் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போனாள். அங்கேயும் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். தன் தாயின் சேலை மணத்தில்தான் பிள்ளை தூங்கும்.

1964ஆம் ஆண்டு ஒக்தோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆனது. நம்மவரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். கொழுந்தை நிறுப்பதைப் போலவே எங்களை நிறுத்தார்கள் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். நானுஓயா ரயில் நிலையத்தின் மேடையில் அழுத அழுகையை இங்கே இருக்கும் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தகரப் பெட்டியில் துணியும் பாத்திரமும், மடியில் சுருக்குப் பையும். போனவர்களில் பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968இல் தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுதான் பின்னால் டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. மறுபடியும் கொழுந்து, மறுபடியும் தராசு. அங்கே குடியேறிய குடும்பங்களிலும் மலைநாட்டில் தைத்த பைகள் எங்கேயாவது ஒரு பெட்டியின் அடியில் கிடக்க வேண்டும்.

இன்று மூங்கில் கூடை குறைந்துவிட்டது. நைலோன் வலைப் பை வந்தது, உரச் சாக்கைத் தைத்துத் தலையில் மாட்டுகிறார்கள். பாரம் குறைவு, மழையில் ஊறாது. சுமக்கிறவர்களுக்கு அது நல்லதுதான். மூங்கில் கூடையைக் காட்டச் சொல்லித் தம் படத்துக்காக அம்மாமாரின் முதுகில் அதை ஏற்றுகிற சுற்றுலாக்காரர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வலிக்காத பையில் சுமக்க அந்த அம்மாமாருக்கு உரிமை இருக்கிறது. பழைய கூடை நூதனசாலைக்குப் போகட்டும். ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் 2001இல் திறந்த தேயிலை நூதனசாலையில் இயந்திரங்களைப் பார்க்கலாம். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயம் ஒன்றிலேயே 2007இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையைத் திறந்தார்கள். அங்கே நம் கூடையும் கம்பளியும் சட்டி பானையும் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். துரையின் பங்களாவைச் சுற்றிக் காட்டுகிற நாட்டில் லயத்தைக் காட்ட ஓர் இடம் இருப்பது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் சுருக்குப் பைகள் அந்த ஒரு லயத்தில் அடங்காது. அவை ரதல்லை, எடின்பரோ, டெஸ்போர்ட் தோட்டங்களில் நம் வீடுகளில்தான் இருக்கின்றன. ஆகவே இங்கே இருக்கும் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். அம்மாயி, அப்பாயி யாரிடமாவது பை இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஆளுக்கொரு கொப்பித் தாள் போதும். யார் தைத்தது, எந்தத் துணியில் மிஞ்சியது, எந்தத் தோட்டத்தில் எந்த டிவிசனில் இருந்தபோது தைத்தது, யார் கற்றுக்கொடுத்தது என்று அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள். நல்ல தமிழுக்கு மாற்ற வேண்டாம். கறை இருக்கிறதே என்று பையைக் கழுவிவிடாதீர்கள். அறுந்த கயிறு இருந்தால் புதுக் கயிறு கோக்காதீர்கள். வெளிச்சத்தில் வைத்து, முன்னும் பின்னும் உள்பக்கத் தையலும் தெரியப் படம் எடுங்கள். பையை யாருக்கும் கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம், அவர்கள் இன்னும் அதைப் பாவிக்கிறார்கள்.

தாளின் கடைசியில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத ஓர் இடம் விடுங்கள். அவராகத் திறந்து காட்டினால் எழுதுங்கள். காட்ட மனமில்லாவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.